பத்திரிகையும் பட்டமும்

தென்மாவட்டத் தலைநகர் ஒன்றில் அச்சாகும் நாளிதழ்ப் பதிப்பில் பதினெட்டு ஆண்டுகளாக இரவுப் பணியில் உதவியாசிரியராக இருந்துவரும் நண்பர் ஒருவர், சென்ற தை மாதத்தில் ஒரு மாலைப்பொழுது என் வீட்டுக்கு வந்தார். பல்கலைக்கழகம் ஒன்றின் முனைவர் பட்ட விண்ணப்பத்தை மேஜைமேல் வைத்து, இதழியலிலும் மக்கள் தொடர்பியலிலும் ஆராய்ச்சிப் பட்டம் பெறுவதால் தமக்கோ தாம் பார்க்கும் தொழிலுக்கோ மெய்யான பிரயோஜனம் ஏதேனும் உண்டா என்று கேட்டார். பட்டத்தின்மேல் மோகம் கொண்டு வந்தவர் அல்லர் அவர். சில வருஷங்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருந்த ஒரு கேள்வியே அவரை அந்த விண்ணப்பத்தின் பக்கம் தள்ளியிருந்தது.

கேள்வி இதுதான். ஓர் இரவு ஒரே பக்கத்துக்கு இரண்டு கைதுச் செய்திகள் வந்தனவாம். ஒன்று, சீட்டுப் பணத்தைச் சுருட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நிதி நிறுவன உரிமையாளரைப் பற்றியது. மற்றொன்று, சைக்கிள் திருடியதாகப் பிடிபட்ட கூலியாள் ஒருவரைப் பற்றியது. இருவரைப் பற்றியும் நீதிமன்றம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஆயினும் நிருபர்கள் அனுப்பிய பிரதிகளில், முன்னவர் போலீசாரிடம் விளக்கம் 'கூறினார்'. பின்னவரோ அதே போலீசாரிடம் உண்மையை 'ஒப்புக்கொண்டான்'. இப்படி எழுதவேண்டும் என்று எந்த ஆசிரியரும் உத்தரவு போட்டதில்லை. எந்த விதிப் புத்தகத்திலும் அது இல்லை. எழுதிய கை தானாகவே எழுதியிருக்கிறது. நண்பர் 'ஆன்' என்பதை 'ஆர்' என்று திருத்திப் பக்கத்தை அனுப்பினார். மறுநாள் இரவு வேறொருவர் பணியில் இருந்தார். 'ஆன்' மீண்டும் வந்துவிட்டது. அந்தக் கைக்கு இதைக் கற்றுக்கொடுத்தது யார், எப்போதிலிருந்து கற்றுக்கொடுத்தார்கள், சாதியும் சொத்தும் ஊரும் அந்த விகுதியை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கின்றன என்று ஆராயவேண்டும் என்பதே அவருடைய ஆசை. இந்த விஷயத்தோடு அவர் ஒரு துறைக்குச் சென்றபோது, இதற்குக் கோட்பாட்டு அடிப்படை எங்கே என்று கேட்டு, கல்லூரி மாணவர்களிடையே சமூக ஊடகப் பழக்கம் என்பது போன்ற ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டால் மூன்று வருஷத்தில் முடித்துவிடலாம் என்று அன்போடு ஆலோசனை கூறி அனுப்பினார்களாம்.

நண்பருக்கு அன்று நான் முழுமையான பதில் எதுவும் சொல்லவில்லை. பிறகு பல நாள் யோசித்ததன் பயனாக எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதழியலில் முனைவர் பட்டம் என்பது, பத்திரிகைத் தொழில் ஒருநாளும் தரமுடியாத ஒரு பொருளை, அதாவது ஒரே கேள்வியின்மேல் வருஷக்கணக்கில் கண்ணை வைத்திருக்கும் அவகாசத்தை, தருகிறது. அந்த அவகாசம் விலைமதிப்பற்றது. ஆனால் நம் நாட்டில் அந்த அவகாசத்தின் பெரும்பகுதி, வேறொரு தேசத்தார் தங்கள் தேவைக்காகத் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்விகளை நாமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதிலேயே செலவாகிவிடுகிறது. முறையிலும் உழைப்பிலும் உள்ள குறைகளை நான் பொறுத்துக்கொள்வேன். கேள்வியையே இரவல் வாங்குவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பத்திரிகையைப் பற்றிய முனைவர் பட்ட ஆராய்ச்சி நாம் நினைப்பதைவிட மிகப் பழமையானது. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1690ஆம் ஆண்டிலேயே டோபியாஸ் பாய்சர் என்பவர் செய்தித்தாள்களைப் பற்றி லத்தீன் மொழியில் ஓர் ஆய்வேடு சமர்ப்பித்தார். செய்தி என்றால் என்ன, எது எழுதத் தக்கது, அவசரத்தில் எழுதுவோருக்கு நேரும் பிழைகள் எவை என்று அவர் விசாரித்தார். உலகத்திலேயே நாளிதழ் முதன்முதலில் வெளிவந்த ஊர்களில் ஒன்றான லைப்சிக்கில், தெருவில் விற்ற காகிதத்தைப் பார்த்து எழுந்த கேள்வி அது. பாய்சர் அதை வெளியூரிலிருந்து வரவழைக்கவில்லை என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

அவருக்கும் மேலாக என் மனத்தைக் கவர்ந்தவர் ராபர்ட் பார்க். மினியாபொலிஸ், டெட்ராய்ட், நியூயார்க், சிகாகோ ஆகிய நகரங்களில் பத்து வருஷத்துக்கு மேல் நிருபராக அலைந்த மனிதர் அவர். நாள்தோறும் தாம் எழுதிக் கொட்டும் இந்தச் செய்தி என்னும் பொருள்தான் என்ன, அது ஒரு கூட்டத்தை எப்படிப் பொதுமக்களாக மாற்றுகிறது என்று அறியும் தாகம் பற்றிக்கொள்ளவே, வேலையை விட்டுவிட்டு, குடும்பஸ்தராக இருந்த நிலையிலேயே ஹார்வர்டுக்கும் பிறகு ஜெர்மனிக்கும் போய், 1904ஆம் ஆண்டில் கூட்டத்தையும் பொதுமக்களையும் பற்றிய ஆய்வேட்டை வெளியிட்டு ஹைடல்பர்க்கில் பட்டம் பெற்றார். பின்னர் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆசானாக விளங்கி, அமெரிக்காவில் குடியேறிய பல மொழியினர் நடத்திய பத்திரிகைகளைப் பற்றி 1922இல் அவர் எழுதிய நூலைப் படித்தால், நிருபரின் காலும் ஆராய்ச்சியாளரின் பொறுமையும் ஒரே மனிதரிடம் கூடியபோது என்ன விளையும் என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். என் நண்பரைப் போன்றோருக்கு நான் காட்டக்கூடிய ஆதரிசம் பார்க் ஒருவரே.

தொழிலுக்கும் பட்டத்துக்கும் உள்ள சம்பந்தம் நேரானதன்று என்பதற்கு மிஸௌரிப் பல்கலைக்கழகமே சாட்சி. அங்கே 1908இல் இதழியல் கல்லூரியைத் தோற்றுவித்த வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் படிப்பே இல்லாதவர். அச்சுக்கூடத்தில் வளர்ந்து ஆசிரியரானவர். அவர் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவராக இருந்த காலத்தில், 1934ஆம் ஆண்டில், அமெரிக்காவில் இதழியலுக்கென்று முதல் முனைவர் பட்டம் அங்கே வழங்கப்பட்டது. பட்டம் இல்லாத ஒருவர் பட்டத்தின் தேவையை உணர்ந்தார் என்பது யோசிக்கத்தக்க விஷயம்.

முனைவர் பட்டப் பயிற்சி ஒரு பத்திரிகைக்காரருக்குக் கற்பிக்கக்கூடியது என்ன என்று கேட்டால், முதலாவதாக நான் சொல்வது, தாம் பிரத்தியட்சமாகக் கண்டதையும் சந்தேகிக்கும் பழக்கம். செய்தியறையில் இருபது வருஷம் இருந்தவருக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆனால் அந்த அபிப்பிராயத்துக்கு மாறான உதாரணங்களைத் தாமே தேடிப் போய்ச் சேகரித்து, எண்ணி, பிறர் முன் வைத்து, இவ்வளவுதான் நிச்சயம், இதற்கு மேல் அனுமானம் என்று கோடு கிழித்துக் காட்டும் வைராக்கியம் அவருக்குத் தொழிலால் வருவதில்லை. என் நண்பரின் 'ஆர், ஆன்' விஷயத்தையே எடுத்துக்கொண்டால், அவர் இன்று கையில் வைத்திருப்பது ஓர் இரவின் அனுபவம். ஆராய்ச்சியாவது, ஐம்பது வருஷத்துக் கைதுச் செய்திகளைத் தேதிவாரியாக எடுத்து, ஒவ்வொன்றிலும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தொழில், ஊர், வயது, குற்றத்தின் தன்மை, போலீஸ் குறிப்பின் வாசகம் ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதி, விகுதி எதைத் தொடர்ந்து போகிறது என்று பார்ப்பது. சொத்து நிர்ணயிக்கிறது என்று அவர் நினைத்திருக்க, உண்மையில் போலீஸ் குறிப்பின் வாசகத்தையே நிருபர் அப்படியே படியெடுக்கிறார் என்று தெரியவரலாம். அப்போது குற்றம் வேறு வாசலுக்குப் போய்ச் சேரும். அந்த ஏமாற்றத்தைத் தாங்கிக்கொண்டு கேள்வியை மாற்றி எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் ஆய்வுப் பட்டத்தின் தலையாய பயன்.

இந்த வகைக்கு நான் என்றும் வியந்து நினைப்பது டேவிட் மானிங் வைட் 1950இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆராய்ச்சி. அமெரிக்காவில் ஒரு சிறு நகரத்து நாளிதழில் தந்திச் செய்திகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் ஒருவரை அவர் அணுகி, ஒரு வார காலம் அவர் கழித்து ஒதுக்கிய தாள்களையெல்லாம் குப்பையில் போடாமல் வைத்திருக்கும்படியும், வேலை முடிந்த பின் ஒவ்வொரு தாளிலும் ஏன் கழித்தார் என்று எழுதும்படியும் கேட்டுக்கொண்டார். அந்த மனிதருக்கு வாயில் என்று பொருள்படும் ஒரு புனைபெயரைக் கொடுத்தார். வந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கழிக்கப்பட்டிருந்தது. கழித்ததற்கு எழுதிய காரணங்களில், இடமில்லை என்பதோடு, இது வெறும் பிரசாரம் என்பது போன்ற சொந்த அபிப்பிராயங்களும் இருந்தன. இவ்வளவுக்கும் வேண்டியிருந்தது ஒரு மனிதர், ஒரு பென்சில், ஏழு நாள் காகிதம். எந்தக் கருவியும் இல்லை, எந்தப் பெரிய நிதியும் இல்லை. மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு செய்திமேஜையில் இதே காரியத்தை, செய்திகள் கணினியில் வந்து குவிகின்ற இந்தக் காலத்துக்கு ஏற்றபடி, நம் கேள்விகளோடு செய்துபார்த்தால் எவ்வளவு வெளிப்படும்! மாவட்ட நிருபர் அனுப்பியதில் எது சென்னைப் பக்கத்துக்கு ஏறுகிறது, எது உள்ளூர்ப் பக்கத்தோடு நின்றுவிடுகிறது, விளம்பரதாரரின் பெயர் வரும் செய்திகள் எந்த வேளையில் மறைகின்றன என்பதையெல்லாம் தொழிலில் இருப்போர் ரகசியமாகப் பேசிக்கொள்கிறார்களே தவிர, எழுதிவைத்தவர் அரிது.

நம் நாட்டில் இந்தப் படிப்பு தொழிற்பயிற்சியாகவே பிறந்தது. அன்னி பெசன்ட் அம்மையார் 1920இல் அடையாற்றுத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பாடத்தைத் தொடங்கியதும், லாகூரில் 1941இல் பஞ்சாப் பல்கலைக்கழகம் தொடங்கியதும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947இல் தொடங்கியதும் நிருபர்களையும் உதவியாசிரியர்களையும் தயார் செய்வதற்காக. ஆராய்ச்சி பின்னால் வந்து சேர்ந்தது. வந்தபோது அமெரிக்கப் பாடநூல்களோடு வந்தது. ஆனாலும் ஆரம்பகாலத்தில் நம் கேள்வியை நாமே கேட்ட சந்தர்ப்பங்கள் இல்லாமல் இல்லை. 1956இல் புனாவைச் சுற்றிய ஏறக்குறைய நூற்றைம்பது கிராமங்களில், விவசாயிகள் கூடியிருந்து வானொலி கேட்டு விவாதித்தால் என்ன நடக்கிறது என்று பரிசோதித்தார்கள். 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் மூலம் தொலைக்காட்சி காட்டிய சோதனையில், பொறியாளர்களோடு சமூக ஆய்வாளர்களும் கிராமங்களில் தங்கிக் குறிப்பெடுத்தார்கள். எழுத்தறியாத ஒரு தேசம் கண்ணாலும் காதாலும் எதைக் கற்றுக்கொள்ளும் என்பது நம்முடைய கேள்வி. அதை வேறு எவரும் நமக்காகக் கேட்டிருக்க முடியாது.

இன்று நிலைமை எப்படி இருக்கிறது? என் பார்வைக்கு வந்த ஆய்வேடுகளில் பெரும்பாலானவற்றை இரண்டொரு அச்சுகளில் வார்த்துவிடலாம். முதல் அத்தியாயத்தில் தொடர்பியலின் வரலாறு, இரண்டாவதில் பிறர் எழுதியவற்றின் தொகுப்பு, மூன்றாவதில் வினாப்பட்டியலும் மாதிரி அளவும், நான்காவதில் அட்டவணைகள், ஐந்தாவதில் பரிந்துரைகள். மாதிரி அளவு 384 என்றோ அல்லது அதை முழுமையாக்கி 400 என்றோ இருக்கும். இந்த 384 எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை ஆராய்ச்சி மாணவர் ஒருவரைக் கேட்டேன். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்றார். 1970ஆம் ஆண்டில் கிரெஜ்ஸி, மார்கன் என்னும் இருவர் வெளியிட்ட அட்டவணையில், பத்து லட்சம் பேர் கொண்ட மக்கள் தொகைக்கு 384 பேர் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பத்து லட்சம் பேரில் எவருக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி குலுக்கி எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. தம் கல்லூரியிலும் பக்கத்துக் கல்லூரியிலும் கையில் கிடைத்த மாணவர்களிடம் காகிதத்தைக் கொடுத்து வாங்கிவிட்டு, 384 என்று எழுதுவதனால் அந்தக் காகிதங்கள் தமிழ்நாட்டு இளைஞர்களின் குரலாகிவிட மாட்டா. சாஸ்திரத்தின் ஆடையைப் போட்டுக்கொண்ட ஒரு சம்பிரதாயமாகவே அந்த எண் நிலைத்துவிட்டது.

சித்தாந்தங்களின் கதியும் இதுவே. மெக்கோம்ஸ், ஷா என்னும் இரண்டு அறிஞர்கள் 1968ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைவர் தேர்தலின்போது சாப்பல் ஹில் என்னும் சிற்றூரில், யாருக்கு வாக்களிப்பது என்று தீர்மானிக்காத நூறு வாக்காளர்களைக் கண்டு, நாட்டின் முக்கியப் பிரச்சினைகள் எவை என்று கேட்டு, பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் எந்தப் பிரச்சினைகளுக்கு அதிக இடம் கொடுத்தன என்பதோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் வியக்கத்தக்க விதத்தில் ஒத்திருந்தன. 1972இல் வெளியான அந்தக் கட்டுரையிலிருந்து, ஊடகங்கள் எதைப் பற்றி நாம் நினைக்க வேண்டும் என்ற நிரலை நமக்கு வகுத்துத் தருகின்றன என்னும் கோட்பாடு பிறந்தது. நூறு பேர் என்பது சிறிய எண்ணே. ஆயினும் அது போதுமானதாக இருந்தது, ஏனெனில் அந்தச் சந்தேகம் அவர்களுடையது. தங்கள் தெருவில், தங்கள் தேர்தலில் எழுந்தது. நம்மிடையே அதே கோட்பாடு நூற்றுக்கணக்கான தலைப்புகளில் திரும்பத் திரும்பச் சோதிக்கப்படும்போது, விடை முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. கட்சி சார்ந்த தொலைக்காட்சிகளை வீட்டுக்கு வீடு வைத்துக்கொண்டு, ஒரே செய்தியை இரண்டு கட்சிகளின் வாயால் கேட்டுப் பழகிய தமிழ் நேயர், எந்த நிரலை நம்புகிறார், எதை நம்பாமலே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்னும் கேள்வி அந்த அமெரிக்கச் சட்டகத்துக்குள் அடங்காது. சட்டகத்துக்குள் அடங்காததை விட்டுவிட்டு அடங்குவதை மட்டும் எழுதினால், தேர்வாளர்கள் ஏற்றுக்கொள்வார்கள்; உண்மை வெளியே நிற்கும்.

சட்டதிட்டங்களின் பங்கும் இதில் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகங்களில் உதவிப் பேராசிரியர் பதவிக்கே முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு விதித்தது, பின் ஒத்திவைத்தது, 2023 ஜூலையில் அதை விலக்கிக்கொண்டு, நெட் முதலிய தகுதித் தேர்வுகளே போதும் என்றது. இடைப்பட்ட காலத்தில், பதவிக்கு ஏணி வேண்டும் என்பதற்காகவே பதிவு செய்தவர்கள் எத்தனையோ பேர். ஆய்வேட்டுக்கு முன்னால் ஒரு கட்டுரையாவது ஆய்விதழில் பிரசுரமாகியிருக்க வேண்டும் என்னும் 2016ஆம் ஆண்டு விதி, பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களை வளர்த்துவிட்டது. 2022ஆம் ஆண்டு விதிகளில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது நன்மையே. நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. பெறாதவர், கட்டணமும் கட்டி, கருத்தரங்கச் செலவும் செய்து, பகுதிநேரக் கல்லூரி வேலையில் ஜீவனம் நடத்திக்கொண்டு எழுதவேண்டும். குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு வருஷம் என்பது விதி. இந்தச் சுமையோடு, வினாப்பட்டியல் முறைதான் சீக்கிரம் முடியும் என்று நெறியாளரும் மாணவரும் தீர்மானித்தால், அவர்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் வருத்துவது மொழி சம்பந்தமான விஷயம். தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றிய ஆய்வேடுகள் பலவும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தலைப்புகளை மொழிபெயர்த்து, அந்த மொழிபெயர்ப்பையே வகைப்படுத்தி எண்ணுகிறார்கள். ஒரு மனிதர் உயிர் நீத்தார் என்பதைத் தமிழ்ப் பத்திரிகை எத்தனை விதமாக எழுதுகிறது என்று பாருங்கள். பெரிய மனிதர் மறைகிறார். பொதுவாக ஒருவர் காலமாகிறார். சைவக் குடும்பத்தார் கொடுத்த விளம்பரத்தில் சிவலோக பதவி அடைகிறார். கிறிஸ்தவக் குடும்பத்தில் கர்த்தருக்குள் நித்திரை அடைகிறார். பகுத்தறிவுக் கொள்கையுடையவர் இயற்கை எய்துகிறார். லாரி மோதினால் பலியாகிறார். லாக்கப்பில் என்றால் சாவு. இத்தனையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகி, அட்டவணையில் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடுகின்றன. ஆராயவேண்டிய பொருளே மொழிபெயர்ப்பில் கரைந்துபோன பிறகு, மீதியை எவ்வளவு நுணுக்கமாக எண்ணினால்தான் என்ன? என் நண்பரின் கேள்விக்கும் இதே கதிதான்: 'கூறினார்', 'கூறினான்' என்பவற்றுக்கு ஆங்கிலத்தில் வேறுபாடே கிடையாது. அவரிடம் கோட்பாடு எங்கே என்று கேட்டவர்கள், மரியாதையை வினைச்சொல்லின் வாலில் தொங்கவிடும் ஒரு மொழியில் செய்தி எழுதுவது என்றால் என்ன என்பதைப் பற்றி, அப்படிப்பட்ட வழக்கமே இல்லாத ஒரு மொழியில் எழுதப்பட்ட பாடநூல்களில் கோட்பாடு தேடினார்கள். அங்கே கிடைக்காதது நியாயமே. அதை இங்கிருந்துதான் உண்டாக்க வேண்டும்.

தமிழ்ப் பத்திரிகையையும் திரைப்படத்தையும் மேடையையும் பற்றி நமக்கு அறிவூட்டிய நூல்களில் பல இதழியல் துறைகளுக்கு வெளியே இருந்தவர்களால் எழுதப்பட்டவை என்பதை இங்கே நினைவுபடுத்துவது என் கடமை. பாரதியாரின் பத்திரிகை வாழ்வைத் தடம் பிடித்துச் சென்று 1957இல் 'சித்திர பாரதி'யைத் தந்த ரா. அ. பத்மநாபன் பத்திரிகையாளர். தமிழ் இதழ்களின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பெரும் பிரயாசையோடு தொகுத்து எழுதிய அ. மா. சாமி 'ராணி' வார இதழின் ஆசிரியர். தேசிய இயக்கத்தில் நாடகமும் பாட்டும் சினிமாவும் செய்த தூதுத் தொழிலை 1981இல் ஆங்கில நூலாக எழுதிய தியடோர் பாஸ்கரன் தபால் இலாகாவின் உயர் அதிகாரி. எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பத்தை 1992இல் ஆராய்ந்த எம். எஸ். எஸ். பாண்டியன் சமூக விஞ்ஞானி. 'இந்தியா' வாரப் பத்திரிகையில் வந்த கருத்துப்படங்களைத் தொகுத்துப் பதிப்பித்த ஆ. இரா. வேங்கடாசலபதி சரித்திர ஆசிரியர். இவர்களில் சிலர் தத்தம் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்களே. ஆகையால் ஆராய்ச்சிப் பட்டம் என்னும் ஏற்பாடே வீண் என்று எவரும் இதிலிருந்து முடிவு கட்டவேண்டாம். நான் சொல்ல வருவது, அவர்கள் எல்லோரும் பொருளிடம் முதலில் போனார்கள் என்பது: பழுப்பேறிய காகிதத்தின் முன் உட்கார்ந்து, அது என்ன கேள்வி கேட்கச் சொல்கிறது என்று காத்திருந்தார்கள். சட்டகம் பிறகு வந்தது.

அந்தக் காகிதங்களோ ஏராளமாகக் கிடக்கின்றன. 1882இல் வாரப் பத்திரிகையாகத் தோன்றி 1899இல் நாளிதழான 'சுதேசமித்திரன்' முதற்கொண்டு, 1934இல் டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய 'தினமணி', 1942இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி' ஆகியவை வரை, தமிழ் உரைநடை நாள்தோறும் உருமாறிய விதத்தை இந்தப் பக்கங்களைவிட எது காட்டும்? ஆதித்தனார், டீக்கடையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டுப் புரிந்துகொள்ளும்படியான சிறு வாக்கியங்களில் செய்தியை எழுதச் செய்தார். தம் நிருபர்களுக்குக் கையேடும் எழுதினார். அந்த நடை கிராமத்து வாசகரை உண்டாக்கியதா, அல்லது கிராமத்து வாசகர் அந்த நடையை உண்டாக்கினாரா என்பது ஒருவர் ஆறு வருஷத்தை மகிழ்ச்சியோடு செலவிடக்கூடிய கேள்வி. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் ஆயுள் முழுவதும் சேர்த்த இதழ்களைக் கொண்டு 1994இல் நிறுவப்பட்ட நூலகம் சென்னையில் இருக்கிறது. ஆங்கில அரசாங்கம் சுதேசப் பத்திரிகைகளைக் கண்காணிப்பதற்காக வாரந்தோறும் மொழிபெயர்த்துவைத்த அறிக்கைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்த வரியைக் கண்டு அரசாங்கம் பயந்தது என்பதை அந்த அறிக்கையையும் மூலப் பத்திரிகையையும் அருகருகே வைத்துப் படித்தால் அறியலாம். இது மூன்று மாதத்தில் ஆகிற வேலை அன்று. பத்திரிகை ஆபீஸில் இருந்துகொண்டு செய்யக்கூடியதும் அன்று. அதற்காகத்தான் பட்டமும் உதவித்தொகையும் நூலக அனுமதியும் வேண்டும் என்கிறேன்.

தொழிலில் இருப்போர் சிலர், பத்திரிகைக்காரருக்கு ஆராய்ச்சிப் பட்டம் எதற்கு, எந்த ஆசிரியரும் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்ப்பதில்லையே என்பார்கள். அது உண்மையே, ஆனால் அந்த உண்மை இரு பக்கத்தையும் குத்துகிறது. ஆசிரியர் புரட்டிப் பார்க்கத்தக்க ஆய்வேட்டை எத்தனை பேர் எழுதினோம் என்று துறையும், தன் பிழையைத் தனக்கு எண்ணிக் காட்டக்கூடிய ஒருவரை வாசலுக்குள் விட எத்தனை நிர்வாகங்கள் சம்மதித்தன என்று தொழிலும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். கற்பிக்கும் வேலைக்காக மட்டும் பட்டம் வேண்டுவோருக்கு இப்போது வேறொரு வழியும் திறந்திருக்கிறது: பதினைந்து வருஷ அனுபவம் உள்ள தொழில் வல்லுநரைப் பட்டம் பாராமல் சில வருஷ காலத்துக்குப் பேராசிரியராக அமர்த்திக்கொள்ளலாம் என்று 2022இல் மானியக் குழு அனுமதித்தது. செய்தி எழுதக் கற்றுக்கொடுக்க அதுவே போதும். செய்தியை விசாரிக்கக் கற்றுக்கொடுப்பது வேறு வேலை.

நண்பரை மறுபடியும் ஆனி மாதத்தில் பார்த்தேன். அந்தத் துறையை விட்டு, தமிழிலேயே ஆய்வேடு எழுத இசையும் வேறொரு நெறியாளரைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். அவர் தலைப்பைக் கேட்டதும் கோட்பாட்டைப் பற்றிப் பேசாமல், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, எந்த எந்தப் பத்திரிகை, கைதுச் செய்தி என்று எதைக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டாராம். பகுதிநேரமாகப் பதிவு செய்வதற்கு, ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்று வேலை கொடுத்த நிர்வாகம் ஆட்சேபணை இல்லாச் சான்று தரவேண்டும். அந்தக் கடிதம் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஆயினும் அவர் காத்திருக்கவில்லை. இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் வீட்டுக்குப் போகுமுன், அன்றைய பக்கங்களில் வந்த கைதுச் செய்திகளைக் கத்தரித்து, ஓரத்தில் தேதியும், பிரதியில் இருந்த விகுதியும், அச்சில் வந்த விகுதியும் குறித்துவைக்கிறார். நான் பார்த்த அன்று நூற்றுப்பதினேழு துண்டுகள் சேர்ந்திருந்தன. போலீஸ் குறிப்பையும் கூடவே வாங்கி வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். அதை அந்த வாரமே தொடங்கிவிட்டதாகச் சொல்லி, ஒரு பழைய வேட்டிப் பெட்டியைத் திறந்து காட்டினார்.